மூன்றாவது பெடல்

வாழ்க்கையில் செய்த முட்டாள்தனங்களில் பெரியது எது என்று கேட்டால் பல்செட்காரர் யோசிக்கவே மாட்டார். "காரு" என்பார். கொஞ்சம் கழித்து, "என் காருகூட இல்லீங்க. என் சம்சாரத்தோட காரு" என்று சேர்த்துக்கொள்வார்.

பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சைப் பார்த்துப் பல்செட் செய்து கொடுப்பது அவர் வேலை. மூன்றாவது மாடியில் ஒரு நீள அறைதான் அவருடைய ஆய்வகம், ஜன்னலோரமாக நான்கு மேசைகள், ஒவ்வொன்றிலும் ஒரு விளக்கு, ஒரு குட்டி அரைக்கும் கருவி, தூசியை உறிஞ்ச ஒரு குழாய். இருபத்தெட்டு வருஷமாக யாராவது ஒருவருடைய தாடை அவர் கையில் இருந்துகொண்டே இருக்கிறது. ஒரு முடியளவு உயரம் கூடினாலும் கடிக்கிறவருக்கு வலிக்கும் என்பதால் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு செய்வார். அதில் கெட்டிக்காரர்தான், குறை சொல்ல முடியாது. அந்தக் கெட்டிக்காரத்தனம் எல்லா வேலைக்கும் செல்லும் என்று நினைத்தார் பாருங்கள், அங்கேதான் கோளாறு.

மனைவிக்குத் தபால் நிலையத்தில், கடிதங்களைப் பிரிக்கும் பகுதியில் வேலை. நாற்பத்தேழாவது வயதில், வீட்டில் ஒருவரிடமும் மூச்சு விடாமல், வேலை முடிந்ததும் ஒரு டிரைவிங் ஸ்கூலுக்குப் போய் ஆட்டோமேட்டிக் வண்டியில் கற்றுக்கொண்டாள். லைசென்ஸ் கைக்கு வந்த பிறகுதான் சொன்னாள். அடுத்த மாதமே தன் சேமிப்பில் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரை வாங்கி வாசலில் கொண்டுவந்து நிறுத்தினாள். கருநீலம். இரண்டே கதவு, இரண்டே இருக்கை, தரையோடு தரையாக உட்கார்ந்திருக்கும் உடம்பு.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு அதை எடுத்துக்கொண்டு கிளம்புவாள். ஒரு மணி நேரம் கழித்து வருவாள். எங்கே போனாய் என்றால் "சும்மா" என்பாள். வாரம் முழுக்க ஊரார் முகவரிகளைப் படிக்கிறவள், ஒரு முகவரிக்கும் போகாமல் ஓட்டிவிட்டு வருவாள். திரும்பும்போது அவள் முகம் பத்து வயது குறைந்திருக்கும். அவரை ஒரு நாளும் கூட வரச் சொன்னதில்லை. அதில் அவருக்கு உள்ளுக்குள் ஒரு சின்னப் புகைச்சல் இருந்தது.

இரண்டு வருஷம் ஓடியது. அப்புறம் வண்டி இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்கு மாறும்போது குலுங்க ஆரம்பித்தது. அந்த நேரம் பார்த்து மனைவியின் தம்பி வந்து சேர்ந்தார்.

"என்ன அத்தான், ஸ்போர்ட்ஸ் கார்ல போய் ஆட்டோமேட்டிக்கா? கிளட்ச் இல்லாத வண்டியெல்லாம் ஒரு வண்டியா? சாவி கொடுத்தா ஓடுற பொம்மை இருக்கே, அதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?"

சொன்னவர் சொல்லிவிட்டுக் காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். பல்செட்காரருக்குத்தான் அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. கியர்பாக்ஸை எப்படியும் கழற்றத்தான் போகிறோம், கழற்றியதுதான் கழற்றுகிறோம், ஆட்டோமேட்டிக்கை எடுத்துவிட்டு மேனுவலாக மாற்றிவிட்டால் என்ன? அவளுடைய ஐம்பதாவது பிறந்தநாளுக்குப் பரிசாகவும் ஆச்சு, மைத்துனர் வாயை அடைத்தது போலவும் ஆச்சு. இரண்டில் எது முக்கியம் என்று அப்போது கேட்டிருந்தால் பிறந்தநாள் என்றுதான் சொல்லியிருப்பார். பொய்.

"நம்ம வண்டி கியர்பாக்ஸை நானே கழட்டிப் பார்த்துடறேன். நாலு வாரம் கொடு" என்றார் மனைவியிடம்.

"உங்களுக்கு அதெல்லாம் தெரியுமா?"

"பல்லு வைக்கத் தெரிஞ்சவனுக்குப் பல்சக்கரம் வைக்கத் தெரியாதா?"

இந்த வசனத்தை அவர் இரண்டு நாள் யோசித்து வைத்திருந்தார்.

நான்கு வாரம் ஐந்து மாதமானது. பழைய கார்களை உடைத்து விற்கும் ஒருவரிடம் அதே வண்டியின் மேனுவல் கியர்பாக்ஸ் கிடைத்தது. தன் ஆட்டோமேட்டிக்கை அவரிடம் கொடுத்துவிட்டு அதை எடுத்துக்கொண்டார். "பொண்ணு கொடுத்து பொண்ணு எடுத்திருக்கோம், இனிமே நாம சம்மந்தி" என்று கைகொடுத்தார் உடைசல்காரர். வீட்டை ஒட்டிய கொட்டகையில், வாஷிங் மெஷினுக்கு எதிரே வண்டியைத் தூக்கி நிறுத்தி, சாயங்காலமெல்லாம் அதன் அடியில் மல்லாந்து கிடந்தார். கிளட்ச் பெடலுக்கு, இன்ஜினையும் உட்காருமிடத்தையும் பிரிக்கும் முன்தகட்டில் எங்கே ஓட்டை போடுவது என்று தெரியாமல், பல்லுக்கு எடுப்பதுபோல் மெழுகில் அச்செடுத்து, ஆய்வகத்துக்கே கொண்டுபோய்ப் பிளாஸ்டரில் வார்த்தார். பக்கத்து மேசைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது யார் தாடைங்க, காண்டாமிருகமா?" என்றார்.

வண்டியின் கம்ப்யூட்டர்தான் கடைசிவரை முரண்டு பிடித்தது. ஆட்டோமேட்டிக் லீவர் பார்க்கிங்கில் இருந்தால் மட்டுமே ஸ்டார்ட் ஆகும் வண்டி அது. இப்போது அந்த லீவரே இல்லை. பல்செட்காரர் இரண்டு ஒயரை முறுக்கி இணைத்தார். அவ்வளவுதான், வண்டி எந்த நேரமும் பார்க்கிங்கில் இருப்பதாகக் கம்ப்யூட்டர் நம்பிவிட்டது. அதை ஏமாற்றிவிட்ட பெருமையில் அன்று தனியாக உட்கார்ந்து சிரித்தார். அந்த ஒயர் எதற்காக இருந்தது என்று மட்டும் யோசிக்கவில்லை.

சனிக்கிழமைதோறும் ஏழு மணிக்கு மனைவி கொட்டகை வாசலில் வந்து நிற்பாள். உள்ளே வரக் கூடாது என்று கட்டளை. "ஆச்சா?" என்பாள். "ஆகுது ஆகுது" என்று காரின் அடியிலிருந்து பதில் வரும். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே போவாள். வேலைக்கு இரண்டு பஸ் மாறிப் போய்வந்தாள். ஐந்தாவது மாதத்தில் "ஆச்சா?" என்பதையும் விட்டுவிட்டாள். பல்செட்காரர் அதைப் பொறுமை என்று எடுத்துக்கொண்டார்.

பிறந்தநாள் காலை. வண்டியைக் கழுவித் துடைத்தாயிற்று. அவளைக் கூப்பிடுவதற்கு முன் இன்ஜினைச் சூடாக்கி வைக்கலாம் என்று நினைத்து, வெளியே நின்றபடியே ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியைத் திருகினார்.

முந்தின நாள் வண்டியை நிறுத்தியவரும் அவர்தான். நிறுத்தும்போது, முன்பு அவள் வண்டியைக் கழுவி நிறுத்திய பழக்கத்தில், கியர் லீவரை முன்னால் தள்ளிவிட்டு இறங்கியிருந்தார். ஆட்டோமேட்டிக்கில் முன்னால் என்றால் பார்க்கிங். மேனுவலில் முன்னால் என்றால் முதல் கியர். பார்க்கிங்தான் பிடித்திருக்கிறதே என்று ஹேண்ட் பிரேக்கும் போடவில்லை. தடுக்கவேண்டிய ஒயரையோ அவரே முறுக்கிவைத்திருந்தார்.

வண்டி ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்து வாஷிங் மெஷினைச் சுவரோடு வைத்து நசுக்கிவிட்டு நின்றது. ஜன்னலில் பாதி உடம்பு உள்ளேயும் பாதி வெளியேயுமாகப் பல்செட்காரர் தொங்கினார். முன்னால் திரையில் "பார்க்கிங்" விளக்கு அமைதியாக எரிந்துகொண்டிருந்தது.

மனைவி ஈரக் கையோடு ஓடி வந்தாள். முதலில் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்று பார்த்தாள். அப்புறம் மறுபக்கக் கதவைத் திறந்து கீழே பார்த்தாள்.

"இதென்ன மூணாவது பெடல்?"

"பிறந்தநாள் வாழ்த்து" என்றார் அவர், தொங்கியபடியே. "மேனுவலா மாத்திட்டேன்."

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார். கத்தவில்லை.

"என் லைசென்ஸை வாங்கிப் பார்த்து சபாஷ்னு சொன்னீங்களே, அதுல என்ன போட்டிருந்துச்சு?"

அவர் முகத்தில் ஈயாடவில்லை. "ஆட்டோமேட்டிக்… மட்டும்."

"அப்போ இந்த வண்டியை யாரு ஓட்டுறது?"

அரை மில்லிமீட்டருக்கு உயிரை விடுகிறவருக்கு ஐந்து மாதத்தில் ஒரு தடவைகூட இது தோன்றவில்லை.

"ஏன் ஆட்டோமேட்டிக்ல கத்துக்கிட்டேன்னு என்னிக்காவது கேட்டீங்களா?"

"ஈஸியா இருக்கும்னு…"

"கல்யாணமாகி ரெண்டாவது வருஷம், மைதானத்துல எனக்கு வண்டி சொல்லிக்கொடுக்கறேன்னு கூட்டிட்டுப் போனீங்க. 'கிளட்ச்! கிளட்ச்! மண்டைக்குள்ள என்னதான் இருக்கு?'ன்னு நீங்க போட்ட கத்துல, பந்து விளையாடிட்டிருந்தவங்க எல்லாம் ஆட்டத்தை நிறுத்திட்டு என்னையே பார்த்தாங்க. நான் இறங்கி நடந்தே வீட்டுக்கு வந்தேன். இருபது வருஷம் ஸ்டியரிங்கைத் தொடல. அந்தச் சொல்லே இல்லாத ஒரு வண்டியைத் தேடிப் பிடிச்சு வாங்கினேன். அதைக் கொண்டுவந்து தகட்டை வெட்டி உள்ள வெச்சிருக்கீங்க. பரிசாம் பரிசு!"

அவள் உள்ளே போய்விட்டாள்.

அந்த மைதானக் கதை அவருக்கு மறக்கவில்லை. மறப்பதாவது! இத்தனை வருஷமாக வீட்டுக்கு வருகிற விருந்தாளிகளிடமெல்லாம் அதைத்தான் அவர் ஜோக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் நடந்துபோன நடையை நடித்தும் காட்டுவார். எல்லாரும் சிரிப்பார்கள். அவள் தட்டுகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விடுவாள். அது இப்போதுதான் அவருக்கு உறைத்தது. கொட்டகையில் நசுங்கிய வாஷிங் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து, வெட்கம் பிடுங்கித் தின்ன, சிதறிக் கிடந்த துண்டுகளைப் பொறுக்கினார்.

மறுநாள், "பழையபடி மாத்திடறேன்" என்றார்.

"மாத்துங்க" என்றாள்.

மைத்துனர் விஷயம் கேள்விப்பட்டு ஓடி வந்தார். "ஐயோ, மாத்தாதீங்க அத்தான்! இப்பதான் அது வண்டி. என்கிட்ட தள்ளிவிட்டுடுங்க."

"அது என் வண்டி இல்லப்பா" என்றார் பல்செட்காரர். அதைச் சொல்லத் தனக்கு இரண்டரை வருஷம் பிடித்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

உடைசல்காரர் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "என்ன சம்மந்தி, அதுக்குள்ள மருமகளைத் திருப்பி அனுப்புறீங்க?" நல்லவேளை, ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் இன்னும் மூலையில்தான் கிடந்தது. இந்தத் தடவை அதைத் தானே நோண்டாமல், புத்தியாக ஒரு மெக்கானிக்கிடம் தூக்கிக்கொண்டு போனார். மெக்கானிக் ஒரு மூடியைத் திறந்து விரலை விட்டு எடுத்து மோந்து பார்த்தார்.

"ஆயில் கருகிப்போயிருக்கு. மாத்திட்டு ஒரு வால்வைக் கழுவினா குலுங்கல் போயிடும். ஒரு மத்தியான வேலை. இதுக்காகவா முழுசாக் கழட்டினீங்க?"

"ஆமா" என்றார் பல்செட்காரர். ஐந்து மாதக் கதையைச் சொல்ல வாய் வரவில்லை.

மூன்று மாதம் மறுபடி மல்லாந்து கிடந்தார். தான் பெருமையோடு பூட்டியதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழற்றினார். முறுக்கிய ஒயரைப் பிரித்து இருந்த இடத்தில் சேர்த்தார். பெடலுக்காகப் போட்ட ஓட்டையைச் சொத்தைப் பல்லை அடைப்பதுபோல் அடைத்துத் தேய்த்து வண்ணம் பூசினார். இவ்வளவு பாடுபட்டது எதற்கு? வண்டி முன்பு எப்படி இருந்ததோ அப்படியே இருப்பதற்கு. இதை ஆய்வகத்தில் சொன்னபோது பக்கத்து மேசைக்காரருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. பல்செட்காரரும் சேர்ந்துதான் சிரித்தார்.

ஒரு சனிக்கிழமை ஏழு மணிக்குச் சாவியை மேசைமேல் வைத்தார். அவள் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். உட்கார்ந்தாள், கீழே பார்த்தாள், இரண்டே பெடல். ஸ்டார்ட் செய்து கொஞ்ச நேரம் காதுகொடுத்துக் கேட்டாள். அவர் கேட்டைத் திறந்துவிட்டு, ஓரமாக, அசடு வழிய நின்றார்.

வண்டி அவர் பக்கத்தில் வந்து நின்றது. ஜன்னல் இறங்கியது.

"ஏறுங்க. ஆனா வாயைத் திறக்கக் கூடாது."

அவர் ஏறினார். கால்களை மடக்கி உட்கார்வதற்கே பெரும்பாடாக இருந்தது. அவள் நன்றாகவே ஓட்டினாள். ஒரு வளைவில் மட்டும் பிரேக் கொஞ்சம் பிந்தியது. பல்செட்காரரின் கால் தானாகத் தரையை அழுத்தியது, நாக்கு நுனியில் ஒரு வார்த்தை வந்து நின்றது. பல்லைக் கடித்து விழுங்கினார். கடைகள் முடிந்து, கிடங்குகள் முடிந்து, சாலை அகன்றது. குலுங்கல் இல்லை.

"அன்னிக்கு மைதானத்துல…" என்று ஆரம்பித்தார். "அப்படிக் கத்தியிருக்கக் கூடாது. அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சது அதைவிடத் தப்பு."

அவள் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வாயைத் திறக்கக் கூடாதுன்னு சொன்னேன்ல?" என்றாள்.

வழக்கமாக அவள் வீட்டுக்குத் திரும்பும் ரவுண்டானா வந்தது. அவள் திரும்பவில்லை. நேராகப் போனாள்.