பாட்டிலில் ஊற்றிய தண்ணீர்

ஐந்தாவதோடு நின்றவன் நான். கோழி கிளறியது போன்ற என் கையெழுத்தையும் பிழைகளையும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

புற்றுநோய்க்குத் தண்ணீரும் காரணமா என்று ஆராயும் டாக்டரம்மா, பம்மலில் எங்கள் தெருவுக்கு வந்து, தினமும் குடிக்கிற தண்ணீரை வீட்டுக்கு வீடு பாட்டிலில் கேட்டார். என் மனைவி அந்த நோயோடு உள்ளே படுத்திருந்தாள். எங்கள் தெருவில் போர்வெல் தண்ணீர் மஞ்சளாக இருக்கும். வந்தவரிடம் அதை எப்படி நீட்டுவது? விருந்தாளிக்கென்று வைத்திருந்த கேன் தண்ணீரை ஊற்றிக் கொடுத்துவிட்டேன்.

அவர் போனதும் மனைவி கேட்டாள். "எந்தத் தண்ணிய குடுத்த?"

"கேன் தண்ணி."

"அய்யோ! நம்ம தண்ணி நல்லா கீதுன்னு எழுதிப்பாங்களே! நம்ம பொண்ணும் இந்த மஞ்சத் தண்ணியவே குடிச்சுக்கினு கிடக்கணுமா? ஓடுய்யா!"

நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவன் நான். அவர் ஏறிய ஷேர் ஆட்டோ கிளம்பிவிட்டது. தெருவே பார்க்க, "நிறுத்து, நிறுத்து" என்று கத்திக்கொண்டு ஓடினேன். திருப்பத்தில் நின்றது. மூச்சு வாங்க உண்மையைச் சொன்னேன்.

அவர் திட்டவில்லை. மடியிலிருந்த பெட்டியைத் திறந்தார். ஒரு பாட்டில்கூட மஞ்சளாக இல்லை.

"அண்ணா, எல்லா வீட்லயும் இப்படித்தான் கேன் தண்ணி குடுத்தாங்களா?"

தலையாட்டினேன். அவர் இறங்கி, முதல் வீட்டுக்கே திரும்பி நடந்தார். இந்த முறை கதவைத் தட்டியது நான்.

கூச்சம் இன்னும் போகவில்லை. ஆனால் யார் கேட்டாலும் எங்கள் தண்ணீரையே காட்டுகிறேன்.

எழுதி முடித்தது, தை முதல் தேதி.