வெளிச்சவீட்டுக்கு எண்ணெய்

எங்கள் காரைக்குடிப் பெண்டுகள் ஊர் ஊராகக் கோயில் பார்க்கப் போவார்கள். நான் வெளிச்சவீடு பார்க்கப் போவேன். கப்பலுக்குத் தெரியக் கடற்கரையில் உயரமாகக் கட்டி உச்சியில் விளக்கு வைத்திருப்பார்களே, அதுதான். தெருவில் இதைச் சொல்லிச் சிரிக்காதவர்கள் இல்லை. சிரித்தால் சிரிக்கட்டும். நான் யாரையும் கேட்டு வண்டி கட்டச் சொன்னவள் இல்லை.

வீட்டுக்காரர் நாகப்பட்டினத்தில் கப்பலேறி ரங்கூன் போய்வந்தவர். “வெளிச்சவீடு மறையிற மட்டும் மேல்தட்டுல நிப்பேன். மறைஞ்சா போய்ப் படுத்துக்குவேன்” என்று ஒருதரம் சாப்பிடும்போது சொன்னார். அடுத்த பயணத்தில் அங்கேயே காய்ச்சலில் போய்விட்டார். தந்தி வந்தது. எல்லாரும் அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை. வருஷம் திரும்பியும் வரவில்லை.

ராமேசுவரம் போகிற வழியில் பாம்பனில் ஒரு வெளிச்சவீட்டைப் பார்த்தேன். அப்புறம் கோடிக்கரைக்குப் போனேன். கீழே நின்று பார்ப்பேன், திரும்பிவிடுவேன். மனசில் ஒன்றும் ஓடாது. அது எனக்குத் தோதாக இருந்தது. நாகப்பட்டினத்துக்கு மட்டும் போகாமல் தள்ளிக்கொண்டே வந்தேன்.

ஒருவழியாகப் போனபோது கொழுந்தன் பெண்சாதி துணைக்கு வந்தாள். இறந்தவர் பேரில் கோயில் விளக்குக்கு எண்ணெய் விடுவது எங்கள் வழக்கம். அவர் கடைசியாகப் பார்த்த நம் கரை விளக்கு இதுதானே என்று செக்கு நல்லெண்ணெய் ஒரு தூக்கு கொண்டுபோனேன். அது அந்த விளக்கில் ஒரு பொழுதாவது எரியவேண்டும். வேறொன்றும் கேட்கவில்லை நான்.

விளக்குக்காரர் தூக்கைத் திறந்து முகர்ந்தார்.

“இது கோயில் இல்லீங்க ஆச்சி. மண்ணெண்ணெயிலதான் எரியும். இதை ஊத்தினா என் வேலை போயிரும்.”

“விளக்குன்னுதானே சொல்றீக?”

கொழுந்தன் பெண்சாதிக்குச் சிரிப்பு. “இவ்வளவு தூரம் தூக்கியாந்தீகளே ஆச்சி, பேசாம அவரு வீட்டுல குடுத்து வடை சுடச் சொல்லுங்க.”

“நீ சும்மா இரு.”

விளக்குக்கென்று எடுத்த எண்ணெயை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோகக் கூடாது. நான் நகரவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவர் என் வெள்ளைச் சேலையைப் பார்த்தார். பிறகு தூக்கைப் பார்த்தார்.

“மேல கதவுக் கீலெல்லாம் உப்புக்காத்துல துருப்பிடிச்சுக் கத்துது. அதுக்கு வேணும்னா விடலாம்.”

ஏறினேன். அவள் கீழேயே உட்கார்ந்துவிட்டாள். உச்சியில் என் கையாலேயே கீலுக்கு விட்டேன். அவர் கதவை நாலைந்து தரம் திறந்து மூடினார். கத்தல் குறைந்து, அப்புறம் சத்தமே இல்லை. வெளியே வந்து கடலைப் பார்த்தேன். தண்ணீர்தான். அழுகை வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை.

மிச்ச எண்ணெயை அவரிடமே விட்டுவந்தேன். அதற்குப் பிறகு எந்த வெளிச்சவீட்டுக்குப் போனாலும் ஒரு கிண்ணம் எண்ணெய் கொண்டுபோவேன். விளக்கைப் பற்றிக் கேட்பதில்லை. கதவு கத்துகிறதா என்றுதான் கேட்பேன்.