நானா பக்கம் தள்ளிய துண்டு

குர்பானி நாட்களில் மாட்டின் பித்தப்பையை அறுத்தெடுக்கும் வேலை எங்கள் நானாவுக்குத்தான். என் மூத்த சகோதரர். வேறு யாராவது கை வைத்தால் கத்துவார்.

"அது ஒடஞ்சா எறச்சியெல்லாம் கசந்து போகும்டா!"

மாட்டுப் பித்தத்துக்கு அவ்வளவு பயந்தவர் தன் பித்தத்தை நினைத்ததே இல்லை. நாங்களும் நினைக்கவில்லை.

மாத்தளைப் பக்கம் ஒரு கல்யாணம் என்றால் நானா இல்லாமல் சஹன் வைக்கமாட்டார்கள். ஆறு பேர் சுற்றி உட்காரும் அந்தப் பெரிய தட்டில், கொழுப்புத் தொங்கும் இறைச்சித் துண்டை மதிப்பானவர் பக்கம் விரலால் தள்ளிவிடுவது எங்கள் வழக்கம். வேண்டாமென்றால் தள்ளியவர் முகம் சுருங்கிவிடும். முப்பது வருஷம் நானா பக்கம் தள்ளினோம். என்னைவிட ஆசையாகத் தள்ளியவன் எவன்? நாசமாய்ப்போன மரியாதை!

மலத்தோடு இரத்தம் போனதை மூலம் என்று சொல்லி ஒரு வருஷம் மறைத்தார். கடைசியில் கண்டியில் ஒரு டொக்டர் குடற்புற்று என்று சொல்லி, காகிதத்தில் குடலை வரைந்து, சிங்களத்தில் பொறுமையாக விளக்கினார். கொழுப்பைச் செரிக்க வைக்க ஈரல் பித்தநீர் சுரக்கிறது. கொழுப்பு கூடினால் அதுவும் கூடும். அதில் கொஞ்சம் பெருங்குடலுக்கு இறங்கினால், அங்குள்ள கிருமிகள் அதை வேறொன்றாக மாற்றிவிடும். அது வருஷக்கணக்கில் குடற்சுவரைப் புண்ணாக்கினால் புற்று வர இடமுண்டு. இது மட்டும்தான் காரணம் என்று சொல்லமாட்டேன் என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். கூடப் பிறந்தவன் என்பதால் நானும் குடலுக்குள் குழாய் விட்டு டெஸ்ட் செய்து பார்க்கவேண்டுமாம், சாப்பாட்டை மாற்றவேண்டுமாம்.

எங்கள் ஊர் பலாபத்வலைக்குத் திரும்பும் பஸ்ஸில் நானா என் கையைப் பிடித்தார்.

"டொக்டர் சொன்னத ஊர்ல சொல்லிராத. தந்தவங்கட மனசு நோகும்."

எனக்கு வந்த கோபம்! குடல் அழுகிக்கொண்டிருக்கும்போதும் அவருக்கு ஊரான் மனசுதான் பெரிது. ஆனாலும் நான் யாரிடமும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு ஏழு மாதம்தான் உயிரோடு இருந்தார்.

நாற்பதாம் நாள், அவருக்காகக் குர்ஆன் ஓதிச் சாப்பாடு கொடுக்கும் கத்தத்துக்கு ஊரே வந்தது. சஹனைச் சுற்றி உட்கார்ந்தோம். எதிரே என் தங்கையின் மாப்பிள்ளை. நானாவுக்காக அழுது கண் வீங்கியிருந்தது. பிஸ்மி சொல்லிவிட்டு, இருந்ததிலேயே பெரிய கொழுப்புத் துண்டை என் பக்கம் தள்ளினார்.

"எடுங்க மச்சான். இனி நானாட எடத்துல நீங்கதானே."

டொக்டர் சொன்னதெல்லாம் நாக்கு நுனி வரை வந்தது. ஐந்து பேரும் கையை நிறுத்தி என் முகத்தையே பார்த்தார்கள்.

எடுத்துத் தின்றேன். டெஸ்டுக்கு இன்னும் போகவில்லை.