சென்னைக்குப் போகாத சேதுராமன்

சேதுராமன் இறந்த செய்தி ஹேவ்லாக் தீவிலிருந்து வந்தது. எனக்கு இன்னும் செரிக்காதது அதுதான். சென்னையில் மருந்து ஏறிக்கொண்டிருப்பதாகப் போன வாரமும் போனில் சொன்ன மனிதர். "மத்தியானப் படகுல கொண்டுவர்றோம், ஃபீனிக்ஸ் பே படகுத்துறைக்கு வந்துடுங்க" என்றார் அவருடைய மைத்துனர். "எங்கேயிருந்து?" என்று திரும்பத் திரும்பக் கேட்டேன்.

கல்லூரி மலரில் இதை வாசிக்கும் பலர் அவரிடம் விலங்கியல் படித்தவர்கள். நான் அதே கல்லூரியில் வேதியியல் நடத்துபவன், அடுத்த மேசை. புரோத்ராபூரிலிருந்து ஒரே பஸ்ஸில் வருவோம். மரபணுப் பாடத்தில் அவர் சொல்வது உங்களுக்கும் நினைவிருக்கும்: "ரத்தத்துல இருக்கிறதைப் படிக்கப் பயப்படாதீங்க. படிக்காட்டியும் அது அங்கதான் இருக்கும்."

அவருக்குப் பெருங்குடலில் புற்றுநோய். அறுவைக்குப் பிறகு ஈரலுக்கும் பரவியது. எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் இம்யூனோதெரபி எல்லோருக்கும் பலிக்காது, கட்டியின் மரபணுவில் ஓர் அடையாளம் இருந்தால் நல்ல வாய்ப்பு என்றார் டாக்டர். அந்தச் சோதனை நம் தீவில் இல்லை. மெயின்லேண்டுக்கு அவசரமாகப் போகவேண்டியதை விமானம் ஏறும் ஆள் கையில் கொடுத்தனுப்புவதுதானே நம் வழக்கம்? மெழுகில் பதித்த கட்டித் துணுக்கைச் சட்டைப்பையில் வைத்து நானே கொண்டுபோனேன்.

அடையாளம் இருந்தது. ஆசிரியர் அறையில் நான் அழுதேவிட்டேன். அவர் சிரித்தார். "அரே, பாஸானது நான். நீ ஏன்யா அழுவுறே?"

பிறகு சென்னைக்கு என்று கிளம்பினார். "ட்ரிப் ஓடுது. நர்ஸம்மா முறைக்கிறா, போனை வை" என்பார். அந்த நர்ஸுக்கு ஊர், பெயர் எல்லாம் வைத்திருந்தார்.

படகுத்துறையில் அவர் மகள் நித்யாவிடம், மருந்து கைவிட்டுவிட்டதே என்றேன். அவள் விழித்தாள். "மருந்தே கிடையாதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்கன்னு அப்பா சொன்னாரே, அங்கிள்?"

இருவரும் அவர் மனைவியைப் பார்த்தோம்.

"இவளுக்கு நிச்சயம் பேசிக்கிட்டிருந்தோம். அந்த அடையாளம் பரம்பரையாவும் வரலாமாம். வைத்தியத்துக்குப் போனா பொண்ணு ரத்தத்தையும் பாக்கச் சொல்லுவாங்க, மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிஞ்சிடும்னாரு. உங்ககிட்ட சொன்னா விடமாட்டீங்கன்னுதான், ஹேவ்லாக்ல என் தம்பி வீட்டுல இருந்துக்கிட்டே சென்னைன்னு சொன்னாரு."

விட்டிருக்க மாட்டேன். தோளில் தூக்கியாவது கொண்டுபோயிருப்பேன். அது தெரிந்துதான் தினமும் ஒரு பொய்யைச் சமைத்து எனக்குப் பரிமாறினார்.

இரங்கல் கூட்டத்தில் அவரைத் தியாகி என்றார்கள். நான் எழுந்து வந்துவிட்டேன். தன் உயிரை விட்டுவிட அவருக்கு உரிமை இருந்தது என்றே வைத்துக்கொள்வோம். மகள் தெரிந்துகொள்ள வேண்டியதை மறைக்க எந்த உரிமையும் இல்லை. முன்கூட்டியே தெரிந்தால் அவள் சோதித்துக்கொண்டு காத்துக்கொள்ளலாம். இதை வகுப்பில் நடத்தியவரே அவர்தான்.

நேற்று நித்யா வீட்டுக்கு வந்தாள்.

"எல்லாத்தையும் எழுதுங்க, அங்கிள். மறைச்ச வரைக்கும் போதும். மாப்பிள்ளை வீட்டுல நானே சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"அச்சா, யோசிச்சுச் சொல்றோம்னாங்க. அப்புறம் போனே இல்ல." சிரிக்கப் பார்த்தாள். அப்பாவைப் போலவே உதடு ஒரு பக்கம் கோணியது. "நீங்க எப்ப மெயின்லேண்டு போறீங்க?"

சேதுவை நான் மன்னிக்கவில்லை. அவருடையதாக என்னிடம் மிஞ்சியிருப்பது வகுப்பில் சொன்ன அந்த ஒரு வாக்கியம். அவரே மதிக்காத வாக்கியம். நாளைக் காலை விமானத்தில், ஐஸ் பெட்டிக்குள், அவர் மகளின் ரத்தம் என் மடியில் இருக்கும்.