கூப்பிட்டால் பதில் சொல்பவர்

பிள்ளைகள் நிஞ்சாவாகப் பயிற்சி எடுக்கும் ஒரு ஜப்பானிய நகைச்சுவைப் படத்துக்கு, சிங்கப்பூரின் புக்கிட் பாஞ்சாங் திரையரங்குக்கு என் மகளை அழைத்துப் போயிருந்தேன். பக்கத்து இருக்கையில் தனியாக ஒரு தமிழர். அலுவலகச் சட்டை, நரைத்த மீசை, மடியில் பாப்கார்ன். திரையில் ஒரு பொடியன் "அனோ நே" என்று வாயெடுக்கும்போதெல்லாம் இவர் "சொல்லுடா" என்று முணுமுணுத்தார். அவன் மதிலில் பாதி ஏறி, பயந்துபோய் அதையே அலறியபோது, "ஏறுடா, அண்ணன் இருக்கேன்!" என்று எழுந்தே நின்றுவிட்டார். அவன் ஏறிவிட்டான். பிள்ளைகள் எல்லாம் திரையைப் பார்த்துக் கைதட்டினார்கள். என் மகள் மட்டும் அவரைப் பார்த்துத் தட்டினாள்.

விளக்கு எரிந்ததும், "உங்களுக்கு ஜேப்பனீஸ் தெரியுமா?" என்று கேட்டேன்.

"சுத்தமா தெரியாது லா. படம் முழுக்க அந்தப் பையன் 'அண்ணே, அண்ணே'ன்னு கூப்பிடுறான். பதில் சொல்லாம எப்படி இருக்கிறது?"

நான் ஜப்பானிய நிறுவனத்தில் வேலை பார்ப்பவள். "அனோ நே" என்பது நம்முடைய "அது வந்து..." மாதிரி ஓர் இழுவை, அவ்வளவுதான். அதை அவரிடம் சொல்ல மனம் வரவில்லை. பிள்ளைகள் படத்துக்கு ஏன் தனியாக வந்தார் என்று கேட்கவும் இல்லை.

மறுநாள் தஞ்சோங் பகார் அலுவலகத்தில், ஜப்பானிய மேலாளர் என் மேசையருகே வந்து, "அனோ நே..." என்று ஆரம்பித்தார்.

"சொல்லுங்கண்ணே" என்றேன்.