மோட்டார் போடுகிறவர்

பெரம்பலூர் பக்கத்துப் பள்ளிகளில் வேலை பார்க்கும் காவலர்களுக்கும் துப்புரவுப் பணியாளர்களுக்கும் பாதுகாப்புப் பயிற்சி கொடுப்பது என் வேலை. எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். அப்பா வயதுக்காரர்கள் எதிரே உட்கார்ந்து கவனிக்கும்போது பெருமையாகத்தான் இருக்கும்.

ரஞ்சன்குடி தாண்டி ஒரு பள்ளியில் அவரைப் பார்த்தேன். காவலர். ஒல்லியாக, நல்ல உயரம். எதைத் தொடும் முன்பும் உள்ளங்கைகளை வேட்டியில் அழுத்தித் துடைத்துக்கொள்வார். நான் நீட்டிய டீயைக்கூட அப்படித்தான் வாங்கினார்.

பயிற்சி முடிந்ததும் என்னை மோட்டார் அறைக்கு அழைத்துப் போனார். சுவிட்ச் பெட்டி உடைந்து கம்பி வெளியே தெரிந்தது.

"இதத் தொடாதீங்கய்யா. உசுரே போயிடும்" என்றேன்.

"ஒரு தடவ தூக்கி வீசிருச்சு டீச்சர். நான் போய்ச் சொல்லாத ஆள் இல்ல. புள்ளைங்க கக்கூஸ் போவணும், சோறு ஆக்கணும். போடாம இருக்க முடியுதா?"

தலைமை ஆசிரியரிடம் ஓடினேன். "மேல எழுதிப் போட்டிருக்கேம்மா, ஆள் வரட்டும்" என்றார். அதற்கு மேல் கேட்க எனக்கு இடமில்லை.

திரும்பி வந்தபோது, தண்ணீர் தீர்ந்துவிட்டதாகச் சமையலம்மா குரல் கொடுத்தார். காவலர் காய்ந்த மூங்கில் குச்சி ஒன்றை எடுத்தார்.

"தள்ளி நில்லுங்க டீச்சர். இப்படித்தான் போடுறேன். புடிக்கிறது சரியான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க."

சரி என்றால் நாளையும் இதையே செய்வார். தப்பு என்றால், வேறு எப்படி என்று கேட்பார். நான் வாயைத் திறப்பதற்குள் குச்சி நுனியால் சுவிட்சைத் தள்ளினார்; மோட்டார் ஓடத் தொடங்கியது. குச்சியை இறக்காமல், பதிலுக்காக அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.