அண்ணனுக்கு நான் எழுதிய டிப்ளமோ

அண்ணன் எங்களைப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலருக்காக அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதச் சொன்னார்கள். அதற்கு என்னைப் பற்றியும் எழுத வேண்டியிருக்கிறது. உறவினர்களும் நண்பர்களும் பொறுத்தருள வேண்டும்.

அண்ணன் சோழவந்தான் பக்கத்துச் சிற்றூரில் பிறந்தவர். எங்களைப் பெற்ற ஐயா திடீரென்று தவறியதும், எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, தொலைபேசி கேபிளுக்குக் குழி வெட்டப் போனார். பின்னர் கேபிள் இணைக்கும் வேலையில் நிரந்தரமானார். விளாங்குடியில் குடியேறி, ஒரே தங்கையான என்னை எம்.இ. வரை படிக்க வைத்தார்.

தொண்ணூறுகளின் இறுதியில் நான் கல்லூரி விரிவுரையாளராக இருந்தபடி கணினி வலையமைப்பில் முனைவர் பட்ட ஆய்வு செய்துவந்தேன். கல்லூரியின் இரு வளாகங்களுக்கிடையே தொலைபேசிக் கம்பிவழி அனுப்பிய தகவல்கள் அடிக்கடி பாதியில் தொலைந்தன. மாதக்கணக்கில் என் புரோகிராமில் தப்புத் தேடினேன்.

"மழ பேஞ்சு எம்புட்டு நேரங்கழிச்சு லைனு போகுது, பாப்பா?" என்று அண்ணன் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அவர் தம் டைரிகளை எடுத்துவந்தார். எந்த இணைப்பில் தண்ணீர் இறங்கியது, எத்தனை மணி நேரத்தில் லைன் கெட்டது என்று வருடக்கணக்காக எழுதிவைத்திருந்தார். கெடப்போகும் வழியை முன்பே கணித்துத் தகவலை வேறு வழியில் திருப்பும் என் ஆய்வு, அந்த டைரிகளிலிருந்து பிறந்தது.

ஆய்விதழுக்கு அனுப்பிய கட்டுரையில் அவர் பெயரையும் சேர்த்தேன். ஆனால் கடைசிப் பக்கத்தில் எழுதியவர்களின் படிப்பும் பணியும் அச்சாகும். மற்றவர்கள் எல்லோரும் பட்டம் பெற்றவர்கள். எட்டாம் வகுப்பு என்று எழுத எனக்கு வெட்கமாக இருந்தது. 'டிப்ளமோ, இளநிலைப் பொறியாளர்' என்று எழுதினேன். அண்ணனிடம் சொல்லவில்லை.

அதைப் படித்த சென்னைப் பேராசிரியர் ஒருவர் கல்லூரிக்கு வந்தபோது அண்ணனைப் பார்க்க விரும்பினார்.

"டிப்ளமோ எங்க பண்ணுனீங்க?"

"நான் எட்டாப்புதாங்கய்யா."

பேராசிரியர் கடைசிப் பக்கத்தைப் படித்துக் காட்டினார். அண்ணன் என்னை ஒருமுறை பார்த்தார். "நாந்தாய்யா அப்டிப் போடச் சொன்னேன். பாப்பா மாட்டேன்னுதான் சொல்லுச்சு."

நான் வாய் திறக்கவில்லை. பட்டம் போய்விடுமே என்று பயந்தேன். ஆய்விதழில் திருத்தம் வெளியிட்டு அண்ணன் பெயரை நீக்கினார்கள். எனக்கு முனைவர் பட்டம் கிடைத்தது. விஷயம் அவர் அலுவலகம்வரை போய், "என்ன இன்ஜினியரே" என்று கேலி செய்தார்கள். அவர் பாட்டுக்குக் குழியில் இறங்கிவிடுவாராம்.

சென்ற ஆண்டு அண்ணன் நெஞ்சுவலியால் ஆஸ்பத்திரியில் இருந்த பத்து நாளும் பக்கத்தில் இருந்தேன். "ஒங்க லைனு இப்ப ஒழுங்கா வேல செய்யுதா?" என்று கேட்டார். "நல்லாருக்குண்ணே" என்றேன். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை.

அந்நாட்களில் ரத்தம் கொடுத்தும் சாப்பாடு சுமந்தும் உதவிய அவருடைய சக தொழிலாளர்களுக்கு நன்றி. நீங்கள் கேலி செய்த பொய் என்னுடையது.

இதை அச்சுக்குக் கொடுக்குமுன் அண்ணனின் மனைவியான மதினிக்குப் படித்துக் காட்டினேன்.

"நீயா எழுதுன?" என்றார். "இல்லாத படிப்பச் சொல்லி மானத்த வாங்கிட்டீகளேன்னு எட்டு வருசமா அந்த மனுசன வஞ்சேனே. ஒருநாளும் ஒம்பேரச் சொல்லலையே."

வெகுநேரம் அழுதார். பிறகு, "ஒரு எழுத்து மாத்தாம போடு" என்றார்.

அன்றிலிருந்து மதினி என்னுடன் பேசுவதில்லை. நினைவு நாளன்று வாசலில் நின்று, இம்மலரை ஒவ்வொருவர் கையிலும் தானே கொடுக்கப்போவதாகச் சொல்லியனுப்பியிருக்கிறார். அவருக்கு என் நன்றி.